வலி போனது, கல் போகவில்லை

முதல் வலி வந்தது ஒரு விடிகாலை மூன்று மணிக்கு. இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, உள்ளே எதையோ பிடித்து முறுக்குவதுபோல் ஆரம்பித்தது. படுத்துப் பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், குப்புறக் கவிழ்ந்து பார்த்தேன். எப்படி இருந்தாலும் இருக்க முடியவில்லை. இருபது நிமிடம் உயிரை வாங்கிவிட்டுக் கொஞ்சம் தணியும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி ஏறும். விடிவதற்குள் வலி முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, தொடை இடுக்கு வரை வந்துவிட்டது. இரண்டு முறை வாந்தி. அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஊசி போட்ட பிறகுதான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே முடிந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீர்க்குழாயில் 6 மி.மீ. கல். கல்லடைப்பு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வலிக்கு ஒரு மாத்திரை, குழாயின் தசையைத் தளர்த்த ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். “நாலு வாரம் பார்ப்போம். தானாவே போகலாம். போனாலும் போகலைன்னாலும், நாலு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டர்.

நான்காம் நாள் வலி நின்றது. ஐந்தாம் நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆனதும் கல் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டாவது ஸ்கேனுக்குப் போகவில்லை. வலியே இல்லையே, எதற்கு என்று தோன்றியது. நடுவில் கொஞ்ச நாள் அடிக்கடி சிறுநீர் வருவதுபோல் இருந்தது. போனால் கொஞ்சமாகத்தான் வரும். உடம்புச் சூடு என்று நினைத்து, இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறந்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கல் உள்ளேயே இருந்திருக்கிறது. அந்த ஐந்து மாதத்தில் என் இடது சிறுநீரகம் தன் வேலைத்திறனில் ஒரு பெரிய பங்கை இழந்திருந்தது. அதில் கொஞ்சம் திரும்பி வந்தது, மீதி வராது. என்னைப் போலவே வலி நின்றதும் நிம்மதியாகிவிட்ட யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு அந்த இரண்டாவது ஸ்கேனுக்குப் போனால் போதும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கண்டுபிடித்ததே தற்செயல். மேல்வயிற்றில் எரிச்சல் என்று வேறு ஒரு காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் வலது பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, இடது பக்கம் வந்ததும் கையை நிறுத்திவிட்டார். அதே இடத்தில் கருவியை அழுத்திச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “முன்னாடி கல் ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார். இருந்தது, போய்விட்டது என்றேன். அவர் பதில் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினார். நடுவில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, விரித்த கைபோல ஒரு வடிவம். சிறுநீர் தேங்கி, சிறுநீரகத்தின் உள்ளறைகள் ஊதிப்போயிருந்தன.

பிறகு அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். கருவியை அடிவயிற்றுக்குக் கொண்டுவந்து, நிறைந்திருந்த சிறுநீர்ப்பையைக் காட்டினார். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் வண்ணம் வந்தது. “இப்ப பாருங்க” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று வலது மூலையிலிருந்து தீப்பொறி போல ஒரு சிவப்புப் பீச்சல், பையின் நடுவை நோக்கிப் பாய்ந்து மறைந்தது. சில நொடிகளில் இன்னொன்று. “இது வலது கிட்னி அனுப்புற யூரின். குழாய் அழுத்தி அழுத்தி உள்ளே பீச்சுது. இப்ப இடது பக்கம் பாருங்க.” பார்த்தோம். வலது பக்கம் ஏழெட்டு முறை பீச்சியது. இடது பக்கம் ஒன்றுமே வரவில்லை. குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், நிழல் விழ, கல் உட்கார்ந்திருந்தது.

அதுவரை எனக்குச் சிறுநீர் என்றால் மேலிருந்து கீழே தானாக வழியும் ஒன்று. உண்மையில் அது வழிவதில்லை, தள்ளப்படுகிறது. சிறுநீர்க்குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்விட்டம் 3, 4 மி.மீ.தான் இருக்கும். அதன் சுவர் முழுக்கத் தசை. நிமிடத்துக்குச் சில முறை மேலிருந்து கீழாக ஒரு அலை ஓடும். ஒவ்வொரு அலையும் ஒரு சிறு மிடறு சிறுநீரைக் கீழே தள்ளும். படுத்திருந்தாலும் வேலை நடக்கும், தலைகீழாக நின்றாலும் நடக்கும். இந்தக் குழாயில் இயல்பாகவே மூன்று இடங்கள் ஒடுக்கமானவை. சிறுநீரகத்திலிருந்து புறப்படும் இடம் ஒன்று, இடுப்பில் பெரிய ரத்தக்குழாய்களைக் கடக்கும் இடம் ஒன்று, சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் ஒன்று. கல் சிக்குவது பெரும்பாலும் இவற்றில்தான். 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். 10 மி.மீ.யைத் தாண்டினால் அது அரிது. என்னுடையது நடுவில் இருந்தது. அந்த அளவுக்குத்தான் இரண்டாவது ஸ்கேன் மிகவும் முக்கியம், தானாகவும் போகலாம், சிக்கிக்கொண்டும் இருக்கலாம் என்பதால்.

அடிக்கடி சிறுநீர் வருவதுபோல் இருந்ததே, அதற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது. கல் குழாயின் கடைசிப் பகுதிக்கு இறங்கிவிட்டால் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும், பை நிறைந்துவிட்டதாக ஒரு பொய் உணர்வு வரும். என் உடம்பு ஒரு தகவல் சொல்லியிருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

சரி, கல் இருக்கும்போது வலி எப்படி நின்றது? யூராலஜிஸ்டிடம் நான் முதலில் கேட்ட கேள்வியே இதுதான். “வலி போனா கல் போச்சுன்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு, ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கல் வலி என்பது கல் குத்துகிற வலி அல்ல. அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, குழாயும் சிறுநீரகத்தின் உறையும் இழுபடுகின்றன. அந்த இழுவைதான் வலி. சிறுநீரகமும் ஆரம்பத்தில் விடாமல் வேலை செய்கிறது, அதனால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. அடைப்பு நீடித்தால் அதற்குள் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கத் தொடங்குகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது, வடிகட்டுவது குறைகிறது, உருவாகும் சிறுநீரே குறைந்துவிடுகிறது. குழாயும் விரிந்து கொடுத்து அந்த நிலைக்குப் பழகிவிடுகிறது. அழுத்தம் இறங்குகிறது. வலி போகிறது.

அதாவது நான் நிம்மதியாக இருந்த நாட்கள், சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொண்ட நாட்கள். அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டேன், இன்றும் இருக்கிறது. அன்று கத்தியது குழாய்தான். சிறுநீரகத்தின் சதை கெடும்போது பெரும்பாலும் எந்த வலியும் இருப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள உறைக்கும் குழாய்க்கும்தான் வலி உணரும் நரம்புகள் உண்டு. ‘முதுகு வலிக்கிறது, கிட்னியாக இருக்குமோ’ என்று பயந்து வருபவர்களில் பலருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கும் என்றும், சிறுநீரகம் கெட்டவர்களில் பலர் எந்த வலியும் தெரியாமல்தான் வருவார்கள் என்றும் அவர் சொன்னார்.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பொது ரத்தப் பரிசோதனை செய்திருந்தேன். கிரியேட்டினின் 1.0. இயல்பு என்று பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. ஒரு சிறுநீரகம் அடைபட்டிருக்கும்போது இது எப்படி?

கிரியேட்டினின் தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றும். வெளியேற்றம் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஆனால் அது காட்டுவது இரண்டு சிறுநீரகங்களின் மொத்த வேலையை. எது எவ்வளவு செய்கிறது என்பதை அது காட்டாது. என் வலது பக்கம் இடது பக்கத்தின் வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்துகொண்டிருந்தது. சிறுநீரகத்துக்கு அந்தத் திறன் உண்டு. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் முர்ரே தலைமையில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையில், ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். கொடுத்த ரொனால்ட் 79 வயது வரை வாழ்ந்தார். ஒன்றை எடுத்தால் மற்றது கொஞ்சம் பெரிதாகி, தன் வடிகட்டும் அளவையும் கூட்டிக்கொள்ளும். இது நமக்கு வரம். ஆனால் இதே வரம்தான் என் பரிசோதனைத் தாளில் எல்லாம் சரி என்று எழுத வைத்தது. அதே கிரியேட்டினின் முந்தைய ஆண்டு 0.8 இருந்ததைப் பிறகுதான் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒரு தாளை மட்டும் பார்த்தால் 1.0 இயல்பு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் அது ஏறியிருக்கிறது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்து யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ‘ஏன்?’ என்று கேட்டிருக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கோப்பில் தேதி வாரியாக வைத்திருங்கள்.

எந்தப் பக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் இருக்கிறது. டிடிபிஏ என்பார்கள். மிகக் குறைந்த கதிரியக்கமுள்ள டெக்னீஷியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி, முதுகுக்குப் பின்னால் ஒரு கேமராவை வைத்து, சிறுநீரகங்கள் அதை எப்படி வடிகட்டி வெளியேற்றுகின்றன என்று அரை மணி நேரம் போல் பார்க்கிறார்கள். அசையாமல் படுத்திருப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை. அந்தக் கதிரியக்கம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துவிடும். முடிவில் இரண்டு கோடுகள் வரைந்த தாள் வந்தது. வலது பக்கக் கோடு செங்குத்தாக ஏறி, அதே வேகத்தில் இறங்கியிருந்தது. இடது பக்கக் கோடு மெதுவாக ஏறி, ஏறிய இடத்திலேயே கிடந்தது. கீழே எண்கள்: வலது 71 சதவீதம், இடது 29. சரிபாதிக்குச் சரிபாதி இருந்திருக்க வேண்டியவை.

அந்த இரவு தூக்கம் வரவில்லை. இத்தனை வயது வரை எனக்காக இது என்ன செய்துகொண்டிருந்தது என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது. அதன் பிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்றைச் சொல்கிறேன்.

சிறுநீரகம் ரத்தத்திலிருந்து அழுக்கை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே போடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் எல்லாவற்றையும் வெளியே கொட்டுகிறது. பிறகு, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து 300 கிராம்தான் இருக்கும், ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் பத்து லட்சம். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் ஒரு சிறு ரத்தக்குழாய் முடிச்சு. ரத்த அணுக்களும் புரதமும் அதைத் தாண்டாது. தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் கசிந்து நுண்குழாய்க்குள் போய்விடும். இப்படி ஒரு நாளில் வடிகிற நீர் 180 லிட்டர்.

180 லிட்டர். நம் உடம்பில் உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதியே மூன்று லிட்டர்தான். அதை ஒரு நாளில் அறுபது முறை வெளியே ஊற்றி, 178 லிட்டரை மறுபடி உள்ளே இழுத்து, ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் போக விடுகிறது. அதோடு ஏறக்குறைய ஒன்றரை கிலோ உப்பு ஒரு நாளில் வடிந்து, அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடுகிறது. 180 கிராம் அளவு சர்க்கரை வடிகிறது, அத்தனையும் திரும்ப வருகிறது. இந்த மீட்பு வேலையில் மூன்றில் இரண்டு பங்கு நுண்குழாயின் முதல் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. கடைசிப் பகுதியில்தான் இன்று எவ்வளவு தண்ணீரைப் போக விடலாம் என்ற முடிவு. நாம் குறைவாகக் குடித்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து, தண்ணீரைப் பிடித்து வை என்கிறது. சிறுநீர் அடர்த்தியாகி மஞ்சள் ஏறுகிறது. நிறையக் குடித்தால் ஹார்மோன் குறைகிறது, சிறுநீர் வெளுக்கிறது. காலையில் பார்க்கும் நிறத்துக்குப் பின்னால் இத்தனை கணக்கு இருக்கிறது. இதற்கு மேல் ரத்த அழுத்தத்தைச் சரிசெய்வது, ரத்தச் சிவப்பணு உற்பத்திக்கு ஹார்மோன் அனுப்புவது, வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவது எல்லாமும் இதன் வேலை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தசோகையும் எலும்புத் தேய்வும் ஏன் வருகின்றன என்று அப்போதுதான் விளங்கியது.

அறுவை சிகிச்சை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெட்டு, தையல் எதுவும் கிடையாது. சிறுநீர் வரும் வழியிலேயே மெல்லிய கேமராவை விட்டு, லேசரால் கல்லை உடைத்து எடுத்தார்கள். அடுத்த நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்தது தனியாக அல்ல, உள்ளே ஒரு ஸ்டென்ட்டோடு. இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே விரிவாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். டிஜே ஸ்டென்ட் என்பது இரண்டு நுனியும் சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழல். மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையில். குழாய் வீங்கி மறுபடி அடைபடாமல் இருக்க வைக்கிறார்கள். அது இருந்த மூன்று வாரமும் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் இடது முதுகில் சுளீர் என்று ஒரு வலி. போகும்போது ஆரம்பித்து, முடித்ததும் போய்விடும். பயந்துபோய்க் கேட்டேன். இது ஸ்டென்ட் வைத்த பலருக்கும் வருவதுதான் என்றார்கள். சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பைக்குள் நேராக நுழைவதில்லை, சுவருக்குள் சாய்வாகக் கொஞ்ச தூரம் போய்த்தான் திறக்கிறது. பை நிறைந்து அழுந்தும்போது அந்தச் சாய்வுப் பகுதி தானாக மூடிக்கொள்ளும். சிறுநீர் மேலே திரும்பாது. தனியாக ஒரு மூடி இல்லை, அந்தச் சாய்வே மூடி. ஸ்டென்ட் அதைத் திறந்தே வைத்திருப்பதால், பை சுருங்கும்போது சிறுநீர் கீழேயும் போகிறது, மேலேயும் ஏறுகிறது. மேலே ஏறுவதுதான் அந்த வலி.

காரணம் தெரிந்ததும் பயம் போனது. முக்காமல், அவசரப்படாமல் போனால் வலி குறைவு என்பதும் பழகியது. அதிகம் நடந்த நாட்களில் சிறுநீர் கொஞ்சம் சிவந்து வந்தது, தண்ணீர் குடித்ததும் தெளிந்தது. காய்ச்சலோ குளிரோ வந்தால் மட்டும் நேரம் பார்க்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்றை மட்டும் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியை வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். தொந்தரவு இல்லை என்று மறந்துபோய், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழலின் மேலேயே கல் படிந்து, எடுப்பதற்குப் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலைக்குப் போய்விடும். தொந்தரவு இல்லை என்பதை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தவன். அதனால் தேதியைக் கதவில் ஒட்டி வைத்தேன்.

எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கால்சியம் ஆக்ஸலேட். அதிகம் பேருக்கு வருவது இந்த வகைதான். ஏன் வந்தது என்று பார்க்க, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கச் சொன்னார்கள். இதில் பலர் ஒரு தவறு செய்துவிடுகிறார்கள், நானும் செய்யப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் முதலில் போவதைச் சேர்க்கக் கூடாது. அது முந்தைய இரவின் கணக்கு. அதைப் போக விட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்து போவதிலிருந்து ஒரு சொட்டு விடாமல் சேர்த்து, மறுநாள் அதே நேரத்தில் போவதையும் சேர்த்து முடிக்க வேண்டும். நடுவில் ஒரு முறை தவறிவிட்டால் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. கணக்கு தப்பினால் அந்த முடிவை வைத்துத் தரும் ஆலோசனையும் தப்பும்.

என் கேனில் சேர்ந்தது 1,100 மி.லி. நான் நிறையத் தண்ணீர் குடிப்பவன் என்று நம்பிக்கொண்டிருந்தவன். குடித்ததில் எவ்வளவோ வியர்வையாகப் போய்விடுகிறது. கல் வந்தவர்களுக்குச் சிறுநீரே ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் அளவு வர வேண்டும் என்கிறார்கள். எத்தனை டம்ளர் குடித்தேன் என்று எண்ணுவதைவிட எவ்வளவு வருகிறது என்று மாதம் ஒரு நாள் அளந்து பார்ப்பது மேல். நான் அப்படித்தான் செய்கிறேன். பகல் முழுக்கப் பரவலாகக் குடிக்கிறேன், படுக்கும் முன் ஒரு டம்ளர், நடுராத்திரி எழுந்தால் இன்னொரு அரை டம்ளர். இரவில்தான் சிறுநீர் அடர்த்தியாகிக் கல் படிய வாய்ப்பு அதிகம். இதை எல்லாருக்கும் பொதுவான அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயம் பலவீனமானவர்களும், சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்தவர்களும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டிக் குடிக்கக் கூடாது. அவர்களுக்கு நீர் நெஞ்சில் சேரும்.

அந்த ரிப்போர்ட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உப்பு. வெளியேறிய சோடியத்தைக் கணக்குப் போட்டால் நான் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட உப்பு 12 கிராம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. சோடியம் நுண்குழாயில் அதிகமாகப் போகும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. என் சிறுநீரில் கால்சியமும் அளவுக்கு மேல் இருந்தது. இதற்குக் கால்சியம் உள்ள உணவை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று பலர் சொன்னார்கள். அது தவறு. சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகிறது. அதை நிறுத்தினால் ஆக்ஸலேட் ரத்தத்துக்குள் அதிகம் ஏறி, சிறுநீருக்கு வரும். குறைக்க வேண்டியது உப்பு. நான் குறைத்தேன். மூன்று வாரம் நாக்கு ஏங்கியது, அப்புறம் பழகிவிட்டது. எதுவும் செய்யாமல் விட்டால் பத்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி கல் வருகிறது என்று சொன்ன பிறகு, நாக்கின் பேச்சு எடுபடவில்லை.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் நாள் எனக்குப் போட்ட ஊசி டைக்ளோஃபினாக். கல் வலிக்கு அது நல்ல மருந்து, டாக்டர் பார்த்துக் கொடுத்தார். ஆனால் அந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, அல்லது சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறும்போது, அது கெடுதலாக முடியலாம். எனக்கு மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் நானே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. அதை அன்றோடு விட்டேன். இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்வது, “எனக்கு இடது கிட்னி கொஞ்சம் வீக் டாக்டர்” என்பதுதான். அதை வைத்து மருந்தையும் அளவையும் மாற்றி எழுதியவர்கள் உண்டு.

காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல் அடைத்திருக்கும்போது குளிர்க்காய்ச்சல் வந்தால், அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டும். அது சில மணி நேரத்தில் ரத்தத்துக்குப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. அதுபோல ஒரே சிறுநீரகம் உள்ளவருக்குக் கல் வலி வந்தாலும், சிறுநீர் அறவே நின்றுபோனாலும் உடனே கிளம்ப வேண்டும்.

என் கதை நடந்துகொண்டிருந்தபோது அக்காவைப் பற்றிய கவலை வந்தது. அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டாகச் சர்க்கரை. வருடா வருடம் கிரியேட்டினின் பார்க்கிறாள், எப்போதும் இயல்பு. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனையைச் செய்யச் சொன்னேன்.

“எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையேடா, யூரினும் நல்லாத்தான் போகுது.”

“எனக்கும் அஞ்சு மாசம் வலிக்கலக்கா” என்றேன். அடுத்த நாளே போனாள்.

அல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டுச் சொல்லும் அந்த அளவு 30-க்குள் இருக்க வேண்டும். அவளுக்கு 92. மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். புரதத்தைத் தாண்ட விடாத அந்த ரத்தக்குழாய் முடிச்சுகள் கசியத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டு முன்பே இந்தக் கசிவு தெரிந்துவிடும். அவளுக்கு முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரையும், வடிந்த சர்க்கரையைத் திரும்ப எடுக்க விடாமல் சிறுநீரிலேயே போக விடும் ஒரு மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். அந்த 180 கிராம் கணக்கு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. இப்போது அவளுக்கு அளவு 40-க்கு இறங்கியிருக்கிறது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

ஸ்டென்ட் எடுத்து மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி டிடிபிஏ. இடது 34 சதவீதம். இதற்கு மேல் பெரிதாக ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். இடது பக்கக் கோடு இந்த முறை ஏறிய இடத்திலேயே கிடக்கவில்லை, சாய்ந்து இறங்கியிருந்தது. அடைப்பு இல்லை என்று பொருள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே வாரம் வயிற்று ஸ்கேனும் இருந்தது. அதே அறை, அதே டாக்டர். சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தேன். எல்லாம் பார்த்து முடித்ததும், “கலர் போட்டுப் பார்க்க முடியுமா டாக்டர்?” என்று நானே கேட்டேன். போட்டார். வலது பக்கம் ஒரு பீச்சல். இன்னொன்று. மூன்றாவது. நான் இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவதும் வலதிலிருந்துதான் வந்தது. “பொறுங்க” என்றார் அவர், கருவியை எடுக்காமல். அப்போது இடது பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. வலதைவிடச் சிறியது, ஆனால் நேராக, தெளிவாக, பையின் நடுவரை போய் மறைந்தது.